இடது மூலைக்கு யார்?



அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. நம் சபையின் ஏலம் எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயதான ஒரு தாயார் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டை ஒன்று நானூறு ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவர் அதை மறுபடியும் காணிக்கையாகக் கொடுத்தார். இரண்டாம் முறை அது அறுநூற்றுக்குப் போயிற்று. "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவிக்கொண்டிருந்த நம்முடைய கமிட்டி மூப்பரின் தொண்டை கம்மிவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே, வேப்பமரத்தடியில் வாலிபர் சிலர் கூடி நின்று கடுமையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்குட்டிக்கு எவ்வளவு கேட்கலாம் என்று பேசுகிறார்கள்போலும் என எண்ணி மகிழ்ச்சியோடு அருகே சென்றேன்.

அவர்கள் பேசியதும் ஏலத்தைப் பற்றித்தான். ஆனால் அது புரோ கபடி ஏலம். அடுத்த பருவத்துக்குத் தமிழ் தலைவாஸ் அணி எந்தத் தடுப்பாட்டக்காரரை எடுக்க வேண்டும், இடது மூலையில் யாரை நிறுத்த வேண்டும், வலது மூலைக்கு எத்தனை லட்சம் ஒதுக்கலாம் என்பதே வழக்கு. ஒருவன், "பணத்தையெல்லாம் ரைடருக்குக் கொட்டிட்டு கார்னருக்குச் சில்லறையைத் தேடுறாங்க" என்றான். இன்னொருவன், "நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனாவது இருக்கானாலே அந்த டீமுல?" என்றான். பட்டாசு ஆலையில் வேலைசெய்கிறவனும், அச்சகத்தில் வேலைசெய்கிறவனும், பாலிடெக்னிக்கில் படிக்கிறவனும் அணி உரிமையாளர்களைப்போல் கோடிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்த காட்சி, உள்ளபடியே ரசிக்கத்தக்கதாயிருந்தது. ஒரு அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை 5 கோடி ரூபாய் என்பதை அவர்கள் வாயிலிருந்துதான் நான் அறிந்தேன்.

அடியேனும் இந்த விஷயத்தில் முற்றிலும் அந்நியன் அல்லன். எங்கள் கிராமத்துக் கரிசல் களத்தில் பொங்கலுக்குப் பொங்கல் கபடி ஆடியவன். ஆடியவன் என்பதைவிட அடிபட்டவன் என்பது பொருத்தம். ஆகையால் என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுப்பாட்டத்துக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அதிலும் இரண்டு மூலைகளையும் ஒரே ஏலத்தில் எடுத்து, மூன்று பருவங்களாவது அவர்களைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஏறிவருகிற ரைடர் தனியாள். முப்பது விநாடி அவனுடையது. அவன் தொட்டால் அவனுக்குப் பெயர். எதிரே நிற்கிற ஏழு பேரின் நிலைமை வேறு. மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கும் அதே கணத்தில் பக்கத்திலுள்ள கவர் பாய்ந்து மறிக்காவிட்டால், பிடித்தவன் இழுபட்டு நடுக்கோட்டைத் தாண்டுவான். பிடித்தவனும் தொட்டவனும் எல்லாரும் வெளியே. ஆகவே ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவன் எப்போது பாய்வான் என்பதை அவன் விரல் இறுகுவதிலிருந்தே அறிந்துகொள்கிறார்கள். அந்த அறிவை ஏலத்தில் வாங்க முடியாது; சேர்ந்து ஆடி ஆடித்தான் வரவேண்டும்.

2019-ஆம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று இந்தியக் கபடியின் மாபெரும் பெயர்கள் ஒன்றுசேர்ந்திருந்தன. பன்னிரண்டு அணிகளில் அந்த அணி பன்னிரண்டாவதாக முடித்தது. 2022-இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை லீக்கில் எந்த வீரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நம் பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. புதுமுகமாக வந்த நரேந்தர் கண்டோலா என்னும் இளைஞன் ரைடில் 200-க்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மூலையில் சாகர் ராத்தியும் மறு மூலையில் சாகில் குலியாவும் நின்றார்கள்.

ஈசாயின் வீட்டில் சாமுவேல் செய்த தவறு உங்களுக்கு நினைவுக்கு வரும். எலியாபின் உயரத்தைக் கண்டவுடன் தீர்க்கதரிசி தைலக்கொம்பைத் தூக்கப் பார்த்தார். பலமுறை அதைப் பிரசங்கித்திருக்கிறோம். ஆகையால் அங்கே நிற்காமல் மேலே செல்கிறேன்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது வேறொன்று. விவாதத்தின் நடுவே ஒருவன், "முப்பது தாண்டினவனையெல்லாம் எடுக்கக் கூடாது, அவன் எல்லாம் வேஸ்ட்டு" என்றான். உடனே மற்றவன், நம் வாலிபர் அணியில் முன்பு இடது மூலையில் ஆடிய ஒரு சகோதரன் பெயரைச் சொல்லி, "அவனை மாதிரி முட்டி போனவனை வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சகோதரன் நான்கடி தூரத்தில், ஏலத்துக்குப் போட்ட நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். கேட்காதவனைப்போல இன்னும் நான்கு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு காலைச் சற்றே இழுத்தபடி நடந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவு ஆட்டமொன்றில், வெறும் மண் தரையில், இதே பிள்ளைகளுக்காகப் பிடித்தபோதுதான் அவன் முழங்கால் போயிற்று.

ஒரு மனுஷனுக்கு விலை சொல்லலாமா? கூடவே கூடாது என்று சட்டென்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் வேதம் அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொருத்தனை பண்ணிக்கொண்டவனை மதிப்பதற்கு அங்கே ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது. இருபது வயதுமுதல் அறுபது வயதுவரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. ஐந்து முதல் இருபது வயதுள்ள ஆண்பிள்ளைக்கு 20. அறுபதைக் கடந்த ஆணுக்கு 15. வயதும் உழைக்கும் திறனும்தான் அளவுகோல். கபடி ஏலத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. யோசேப்பைச் சகோதரர்கள் விற்றபோது அவனுக்கு வயது பதினேழு. கிடைத்தது 20 வெள்ளிக்காசு. பட்டியலின்படி சரியான விலைதான். கணக்கில் பிசகு இல்லை. விற்றவர்கள் சகோதரர்கள் என்பதில்தான் பிசகு.

அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அந்த விலையைச் செலுத்த முடியாத ஏழை ஒருவன் வந்தால், அவன் ஆசாரியனுக்கு முன்பாக நிறுத்தப்படுவான். ஆசாரியன் அவனுடைய திராணியைப் பார்த்து அவனுக்குத் தக்கபடி மதிப்பிடுவான். அதாவது, பட்டியல் செல்லாத இடத்தில் ஒரு முகத்தைப் பார்த்து முடிவுசெய்ய ஒருவர் வேண்டும். யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்துக்கு வந்தால் பட்டியலே மறைந்துவிடுகிறது. ஆத்தும மீட்புக்கான காணிக்கை எல்லாருக்கும் அரைச் சேக்கல். செல்வந்தன் அதற்கு மேல் தரக்கூடாது. தரித்திரன் அதற்குக் கீழே தரக்கூடாது. உழைப்புக்கு ஏற்றத்தாழ்வான விலை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் அதே வேதம், ஆசரிப்புக்கூடாரத்தின் காரியமென்று வரும்போது ஒரே விலையை வைக்கிறது. களத்துக் கணக்கு களத்தோடு நிற்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். அன்றைக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை.

பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. அவர்கள் யாரிடம் கற்றார்கள்? நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது நடப்பதென்ன? "அரசாங்க வேலை, ஆகையால் இத்தனை பவுன், இன்ஜினியர், ஆகையால் இத்தனை பவுனும் ஒரு காரும்" என்று பேசுகிறோம். பெண் வீட்டார் கேட்பது, மாப்பிள்ளை வீட்டார் உயர்த்துவது, இடையில் ஒருவர் "இரண்டு தரம்" என்று சொல்லாத குறை. ஓலை வாசிக்கிற நாளில் அந்தக் கணக்கெல்லாம் ஜெபமாக மாறிவிடுகிறது. அதைக் கேட்டும் கேட்காததுபோல் பல திருமணங்களை நடத்திவைத்தவன் நான். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

இந்தப் பகுதியில் மனுஷனுக்கு விலை குறிக்கப்படுகிற இன்னொரு நேரமும் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தை மறந்தவர் நம்மில் எவருமில்லை. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். மாநில அரசு தலா 3 லட்சமும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவித்தார்கள். நிவாரணம் அவசியம், அது விரைந்து வருவது நல்லது. ஆனால் அடக்க ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "எவ்வளவு கிடைக்குமாம்?" என்று ஒருவரையொருவர் கேட்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆறுதல் சொல்ல வார்த்தை கிடைக்காதபோது நாம் தொகையைப் பேசுகிறோம் என்று நினைக்கிறேன்.

அந்த ஆலைகளிலும் மூலையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கலக்கும் அறையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் நின்றால், "வெளியே போ" என்று அதட்டி அனுப்புகிற போர்மேன். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போதும் வெயில் ஏறிவிட்டால் கலவை வேலையை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்குகிறவர். காய்ந்த மருந்து சிந்திய தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற அக்கா. அவர்களால் நடக்காமற்போன விபத்துக்கு எந்த நாளிதழிலும் செய்தி வராது. எத்தனை பெட்டி பட்டாசு அனுப்பப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. யார் தடுத்து நிறுத்தினார் என்பதற்கு ஏடு கிடையாது. கபடியிலாவது பிடித்தவனுக்கு ஒரு புள்ளி எழுதுகிறார்கள்!

இந்த இடத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளைப் பற்றிய 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தை நம் வாலிபர்கள் வாசிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். சம்மா என்றொருவன் வருகிறான். பெலிஸ்தர் ஏறிவந்தபோது ஜனங்கள் ஓடிவிட்டார்கள். அவன் சிறுபயறு நிறைந்த ஒரு வயலின் நடுவே நின்று அதைக் காத்தான். அரண்மனையையோ பெட்டகத்தையோ அல்ல, பயற்றங்காட்டை! நம் கரிசல் நிலத்தில் பாசிப்பயறும் உளுந்தும் விதைத்து, மழைக்கும் மயிலுக்கும் தப்புவித்து வீடுகொண்டுவருகிறவர்களுக்கு அந்த வயலின் அருமை தெரியும். எந்தச் சாமர்த்தியசாலியும் அதை விட்டுக்கொடுத்து ஓடுவதே புத்தி என்றுதான் சொல்லியிருப்பான். சம்மா நின்றான், கர்த்தர் பெரிய ரட்சிப்பைச் செய்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது.

நிற்கிறவனுக்கு வயது தடையில்லை என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. தஞ்சை மண்ணிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர். நாற்பதைக் கடந்த பிறகு, 2016-இல், பாட்னா அணிக்குத் தலைவராயிருந்து புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரும் மூலையில் நின்று பிடிக்கிறவர்தான். ஈரானிலிருந்து வந்த பாசல் அத்ராசலி, 2018 ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் வீரர். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அந்தப் பெருமை கிடைத்தது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சி. 2025-இல் டெல்லி அணி கோப்பையை வென்றபோது அந்த அணியின் தடுப்பில் நின்றவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். மறுநாள் இதைச் சொன்னபோது, "வேஸ்ட்டு" என்ற தம்பி தலையைச் சொறிந்தான்.

கபடியின் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. ரைடரைப் பிடித்துவிட்டால் பிடித்த அணிக்குப் புள்ளி கிடைப்பதோடு, ஏற்கெனவே வெளியேறி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் முதலாமவன் எழுந்து களத்துக்குள் வருகிறான். பிடித்தவன் யாரோ, உயிர்பெற்றவன் யாரோ. உட்கார்ந்திருந்தவன் அந்த நேரத்தில் ஒன்றும் செய்யவில்லை; காத்திருந்ததைத் தவிர. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் அதற்கு இரட்டைப் புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். ஆள் குறைந்த அணியின் உறுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கிற அந்த விதியை யார் யோசித்தாரோ, நல்ல மனுஷனாயிருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆறுமணி ஆராதனைக்கு ஏழெட்டுப் பேர் மாத்திரம் வருகிற மழைக்காலத்தில் இந்த விதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஏல விதிகளிலும் சுவையான ஒன்றைப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வீரரை வேறொரு அணி கடைசி விலை கேட்டு எடுத்துவிட்டாலும், அவர் முன்பு ஆடிய அணி அதே விலையைக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்டவுடன் எனக்குப் பெத்லெகேமின் பட்டணவாசல் கண்முன் வந்தது. எலிமெலேக்கின் நிலத்தை மீட்கும் முதல் உரிமை போவாசுக்கு இல்லை. அவனிலும் கிட்டின சுதந்தரவாளி ஒருவன் இருந்தான். நிலம் என்றதும் அவன் சரி என்றான். கூடவே மோவாபிய விதவையும் என்றதும் தன் சுதந்தரத்துக்குக் கேடு வருமென்று பின்வாங்கிப் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்தான். அவன் கணக்குச் சரியானதே. அவன் பெயர் வேதத்தில் இல்லை. தன்னிடத்தில் இருந்தவனை மீண்டும் எடுக்கும் உரிமை இருந்தும், விலையைப் பார்த்துக் கைவிடுவது எந்த அணிக்கும் நேரக்கூடியதுதான். சபைக்கு நேரலாமா?

நான் கைவிட்டிருக்கிறேன். கடந்த ஆண்டு வாலிபர் சங்கப் பொறுப்புக்கு யாரை நிறுத்தலாம் என்று ஆலோசித்தபோது, நன்றாகப் பேசத் தெரிந்த இருவரையும் கித்தார் வாசிக்கும் ஒருவனையும் மனதில் குறித்துக்கொண்டேன். எல்லாரும் ரைடர்கள்! நாற்காலி அடுக்குகிற அந்தச் சகோதரன் பெயரை மூப்பர் ஒருவர் சொன்னார். "அவனுக்குக் கூட்டத்தில் பேச வராதே" என்று பதில் சொன்னவன் நான். மூன்று மாதத்தில் கித்தார்க்காரன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பேச்சாளர் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமலிருக்கிறார்கள். சங்கத்தின் சாவி யாரிடத்தில் இருக்கிறதென்று போன வாரம் விசாரித்தேன். அவனிடத்தில்தான் இருக்கிறது. யாரும் அவனிடம் கொடுக்கவில்லை. யாரும் பூட்டாமல் போனதால் அவன் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறான்.

தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் எந்தப் பெயரோடு முடிகிறதென்று கவனித்திருக்கிறீர்களா? ஏத்தியனாகிய உரியா. தன் வயலைக் காத்தவர்களையும் தன் தாகத்துக்குத் தண்ணீர் மொண்டுவந்தவர்களையும் குறித்து எழுதிய அந்த ஏட்டில், தாவீது தானே போர்முனையில் தனியே விட்டு வெட்டுண்டு சாகப் பண்ணினவனின் பெயரும் இருக்கிறது. அவனை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்க வேண்டுமென்று யோவாபுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தையும், எடுத்துக்கொண்டு போனவன் உரியாவே. கபடி ஆடினவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். மூலையில் நிற்பவன் பாய்ந்து பிடித்த பிறகு, கோத்த கையை மற்ற ஆறு பேரும் விட்டுவிட்டால் எப்படியிருக்கும்? இந்த அதிகாரத்தைப் பல ஆண்டுகளாகப் பிரசங்கித்தும், அந்தக் கடைசிப் பெயரில் நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

திங்கட்கிழமை மாலை அந்தப் பிள்ளைகளைப் பார்சனேஜுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தேன். அதட்டவில்லை. நாற்காலி அடுக்கினவனையும் அழைத்திருந்தேன். ஆலை பஸ்ஸைவிட்டு இறங்கி, கைகளில் அலுமினியத் தூளின் வெள்ளி மினுமினுப்பு போகாமலே வந்து உட்கார்ந்தான். சற்றுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு "வேஸ்ட்டு" என்ற அதே தம்பி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ரைடர் இடது பக்கமா கால் நீட்டுறான்னா முன்னாடியே எப்படிண்ணே கண்டுபிடிப்ப?" என்று கேட்டான்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். மேஜையை ஓரத்துக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, வலியுள்ள காலை நீட்டி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "காலைப் பாக்காதலே, இடுப்பைப் பாரு" என்று ஆரம்பித்தான். இரவு ஒன்பதரை வரைக்கும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.